எண்பத்திநாலாம் வருஷத்து ஜாடி

ஹாலிஸ் டன்னிங் தன் வாழ்நாளில் ஒரு நல்ல மொட்டைப் புகைத்ததில்லை. இத்தனைக்கும் உலகத்திலேயே நல்ல கஞ்சா எங்கள் ஹம்போல்ட் மலையில்தான் விளைகிறது என்று நாங்கள் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வோம். அந்த மண்ணில் பாதி ஆயுளுக்கு மேல் பயிர் வைத்தவர் அவர். ஆனால் அவர் புகைத்ததெல்லாம் கத்தரிக்கிற மேஜைக்கு அடியில் உதிர்ந்த தூள், காம்போடு ஒட்டிய இலை, பூஞ்சணம் பிடித்ததைக் கிள்ளி எறிந்த பிறகு மிஞ்சிய அரைகுறை. நல்லதெல்லாம் பிறகு. எதற்குப் பிறகு என்று யாரும் கேட்கக்கூடாது.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். புது பூட்ஸ் வாங்கினால் பெட்டியோடு அலமாரிக்கு மேலே போய்விடும். பழைய ஜோடி வாயைப் பிளந்துகொண்டு சேற்றைக் குடித்தாலும் புதியது இறங்காது. கடைசியில் ஒரு மழைக்காலத்தில் மனம் இளகி எடுத்துப் போட்டாராம். பசை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது, அடிப்பாகம் வாசலிலேயே நின்றுவிட, மேல்பாகம் மட்டும் அவரோடு நடந்தது. பூட்ஸ் செய்தவனை ஒரு வாரம் திட்டினார். கல்யாணத்துக்கு அவருடைய மனைவி ரோவீனாவின் அக்கா தைத்துக் கொடுத்த போர்வை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் குளிருக்குப் போர்த்திக்கொள்வது பட்டாளத்துக் கம்பளி.

நான் பக்கத்து நிலத்துக்காரி. பேர் டான்சி. பள்ளிக்கூடம் முடிந்ததும் மலையை விட்டு ஓடி, கண்ட கண்ட நாட்டில் கண்ட கண்ட வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் திரும்பினேன். ஹாலிஸுக்குக் கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்டும் உரிமம் போயிருந்தது. அவருடைய பழைய டொயோட்டாவை ஓட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. இல்லாவிட்டால் இந்த மனிதரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். எனக்கும் நஷ்டம் ஒன்றும் இருந்திருக்காது.

ஹெலிகாப்டர் வருஷங்களில் மலையில் எல்லோரும் அறுவடையைப் புதைத்தார்கள். அப்போது கஞ்சா வளர்ப்பது குற்றம்; ஆகஸ்டு பிறந்தால் போலீஸ் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே தடதடவென்று சுற்றத் தொடங்கும். வீட்டில் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று, வான்கோழி வேகவைக்கிற பைகளில் மொட்டுகளைக் கட்டுவார்கள். அந்தப் பைக்குள்ளிருந்து வாசனை வெளியே வராது. வான்கோழிப் பண்டிகைக்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊர்க் கடையில் அந்தப் பை தீர்ந்துவிடும். கடைக்காரர் யாரையும் எத்தனை வான்கோழி என்று கேட்டதில்லை. கட்டியதை டிரம்மில் அடைத்துக் காட்டுக்குள் குழி தோண்டி இறக்குவார்கள். அப்புறம் குழி எங்கே என்று மறந்துபோவார்கள். வரைபடம் வைத்துக்கொள்ளப் பயம். அடையாளம் பார்த்த மரத்தை அடுத்த மழை சாய்த்துவிடும். கிடைத்த டிரம்மிலும் தண்ணீர் இறங்கி உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி முளைத்திருக்கும்.

ஹாலிஸ் கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டகம் ஒன்றை வாங்கி, வெயில் விழாத வடக்குச் சரிவில் மண்ணுக்குள் இறக்கி, மேலே புதர் நட்டார். நடுக்கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. ஈரம் ஏறாமல் இருக்க வழி செய்தார். பையும் டிரம்மும் வேண்டாம், கண்ணாடி ஜாடிதான் என்றார். இருட்டு, குளிர்ச்சி, கண்ணாடி. நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். அவருடைய மண்டையில் உதித்த ஒரே நல்ல யோசனை. அதை வைத்தே மிச்ச ஆயுளை ஓட்டிவிட்டார்.

மலையில் பாதிப் பேர் தங்கள் ஜாடிகளை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஹாலிஸ் நடையே மாறியது என்பார்கள். தன் ஜாடியைத் தானே திரும்ப வாங்க வருகிறவன், கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும், தீப்பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும், உள்ளே இருமக்கூடாது. சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு அவர் முன்னே போவார், மற்றவன் பின்னே. பாதிரியார் கெட்டார்.

இருட்டு, குளிர்ச்சி, கண்ணாடியோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நான்காவதாக ஒரு சட்டம் போட்டார்: மூடின ஜாடியைத் திறக்கக்கூடாது. முதல் சில வாரம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்வார். தினம் ஒரு தரம் மூடியைத் திறந்து மொட்டுகளை மூச்சு விடவைப்பார். உள்ளே மிஞ்சியிருக்கிற ஈரம் வெளியேறும், பச்சை இலை நெடி போய் நல்ல வாசனை கூடும். பதம் வந்ததும் மூடுவார். மூடினால் மூடினதுதான். திறக்காத ஜாடி எத்தனை வருஷமானாலும் கெடாது என்பது அவருடைய மதம்.

மலையில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும், அது பொய். ஒரு வருஷம் நன்றாக இருக்கும். இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கும். அதற்கப்புறம் நிறம் பழுப்பாகும், வாசனை வைக்கோலாகும், புகைத்தால் சிரிப்பு வராது, தூக்கம்தான் வரும். ஹாலிஸிடம் இதைச் சொன்னால், "அது நீ வச்சா," என்பார்.

சட்டம் மாறி, கஞ்சா கடையில் விற்கிற சரக்கானதும் அவரவர் ஜாடியை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டகத்தில் மிஞ்சியவை ஹாலிஸின் சொந்த ஜாடிகள். வருஷத்துக்கு ஒன்று, அந்தந்த வருஷத்தின் மிக நல்ல செடியின் மிக நல்ல மொட்டு, மேலே நாடா ஒட்டி வருஷம் எழுதியது. ஒன்றையும் அவர் திறந்ததில்லை, முகர்ந்ததில்லை. வருகிறவர்களுக்கு டார்ச் அடித்துக் காட்டுவார். எண்பத்திநாலுக்கு முன்னால் வந்ததும் குரல் தழையும்.

"பாத்தியா டான்சி, பச்சை. நேத்து அறுத்த மாதிரி. இந்த ஜாடிக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி."

உண்மையில் பச்சையாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊர் சுற்றி வந்த திமிரில் நான் அவரை ஏளனமாக நினைத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷத்துக்காக இப்போது என்னை நானே குட்டிக்கொள்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஷிலோ ஒரு காரியம் செய்தான். தீயணைப்புத் தொண்டர்களின் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கிற அறுவடைத் திருவிழாவை இப்போது அவன்தான் நடத்துகிறான். மலையிலேயே பிறந்தவன், ஆரெகான் போய் ஏதோ படித்துவிட்டு விதைப்பையோடு திரும்பியவன். இந்த வருஷம் 'பழைய சரக்கு' என்று ஒரு போட்டி வைத்தான். யாரிடம் பழைய ஜாடி இருக்கிறதோ கொண்டு வரலாம், எல்லோர் முன்னாலும் திறந்து முகர்வது. விளையாட்டுக்கு. ஹாலிஸ் அதே நாள் பேர் கொடுத்தார். எண்பத்திநாலைத் திறக்கப்போகிறேன் என்று அறிவித்தார். மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ரோவீனா என் வீட்டுப் படியேறி வந்தார். கையில் பீன்ஸ் கூடை. அதைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"டான்சி, அந்த ஜாடியில இருக்கறது போன அக்டோபர் மொட்டு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எண்பத்திநாலு எப்பவோ போச்சு கண்ணு. லைலுக்குக் குடுத்தேன்."

லைல் என்கிறவர் ஹாலிஸின் கூட்டாளி. எண்பத்திநாலில் இரண்டு பேரும் சேர்ந்து பயிர் வைத்தார்கள். அப்புறம் அவருக்கு எய்ட்ஸ் வந்தது, மருந்தே இல்லாமல் எத்தனையோ பேர் போன வருஷங்களில். சாப்பாடு தங்கவில்லை, தூக்கம் இல்லை. நம்ம எண்பத்திநாலைத் திற ஹாலிஸ் என்று கேட்டிருக்கிறார். ஹாலிஸ் என்ன சொன்னாராம்? நீ எழுந்து வா, கொண்டாட்டமா திறக்கலாம்.

"'எழுந்து வா'ங்கறார். எலும்பும் தோலுமாக் கெடக்கறவன்கிட்ட. அன்னிக்கே சாவியை எடுத்துட்டுப் போனேன். காலி ஜாடியை என்ன பண்றது? அப்ப புதுசா அறுத்த மொட்டைப் போட்டு மூடி வச்சுட்டேன்."

"அவர் கண்டுபிடிக்கலையா?"

ரோவீனா சிரித்தார். "கண்டுபிடிக்கறதா? அதுக்கு ரெண்டு பக்கமும் இருந்த நெஜமான ஜாடியெல்லாம் பழுப்பாயிட்டு வந்துச்சு. என்னோடது மட்டும் பச்சை. அது முன்னாடி நின்னு உருகறார். 'பாரு ரோவீனா, லைலோட கை, லைலோட கை'ங்கறார். பழுப்பானதைப் பாத்தா, எவனோ திறந்துட்டான்னு கத்தல். பெரிய பூட்டா வாங்கிட்டு வந்து, மறு சாவியை என்கிட்டயே குடுக்கறார். உலகத்துல நம்பறதுக்கு நீ ஒருத்திதான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்தக் கத்தலைக் கேக்க முடியல. பழுப்பானதையும் மாத்தினேன். ஒரு குளிர்காலம் நிம்மதியா இருந்துச்சு. மறுபடி பழுப்பாகும், மறுபடி மாத்துவேன். ஊறுகாய் ஜாடி மாத்தற மாதிரிப் பழகிப்போச்சு."

"எடுத்த பழசு?"

"தூக்கம் வராதவங்களுக்கு. பழுப்புக்கு அதுல நல்ல குணம் உண்டு. வெண்ணெயில காய்ச்சிக் குடுப்பேன். மொட்டு கத்தரிக்க வர்றாளே வாண்டா, அவளுக்கு முதுகு வலி, அவ அஞ்சாறு வருஷமாத் தூங்கறதே அதுலதான். அவளுக்கு எங்கிருந்து வருதுன்னு தெரியாது."

ஆக, இந்த மலை ஹாலிஸின் பொக்கிஷத்தைத் தின்று குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவர் மட்டும் இரும்புப் பெட்டிக்குள் நின்று போன வருஷத்து மொட்டுக்கு டார்ச் அடித்துக் கண்கலங்கியிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் ரோவீனாவின் கூடையிலிருந்து பீன்ஸ் உருண்டது.

"சிரிக்காத. எல்லார் முன்னாடியும் திறக்கப் போறார். நாப்பது வருஷத்து மொட்டு பச்சையா இருந்தா என்ன சொல்வாங்க? அந்த மனுஷனுக்கு மெச்சிக்க வேற என்ன இருக்கு? பூட்டி வச்சுக் காப்பாத்தறவன்னு ஒரு பேரு. அவ்வளவுதான். ஏமாத்துக்காரன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே."

"உனக்கென்ன, நீ அந்தாளோட குடும்பம் நடத்தல."

வேறு யாரிடமாவது பழைய ஜாடி வாங்கி மாற்றிவிடலாம் என்றேன். அதையும் யோசித்துவிட்டாராம். பேர் கொடுத்த அன்றே ஹாலிஸ் ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கறுப்புத் துணி சுற்றிக் கட்டிலில் தனக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு படுக்கிறாராம். "என் பக்கம் திரும்பிப் படுத்து எத்தனை வருஷமாச்சு, ஜாடியைப் பாத்துத் திரும்பிப் படுக்கறார்."

ரோவீனா சொல்லிப் பார்க்காமல் இல்லை. அன்று சாயங்காலம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார், துணைக்கு. சோள ரொட்டியும் பீன்ஸும். ஹாலிஸ் முந்தின நாள் ரொட்டியைக் கரண்டியால் உடைத்துக்கொண்டிருந்தார்; புதியது நாளைக்கு.

"ஹாலிஸ், நாப்பது வருஷமாப் பச்சையா இருக்கற மொட்டுன்னு உலகத்துல எதுவும் கெடையாது," என்று ரோவீனா ஆரம்பித்தார்.

"என்கிட்ட இருக்கு."

"அதைத்தான் சொல்ல வர்றேன். அது—"

"அது என்ன? உனக்கும் வாண்டா மாதிரிப் பொறாமை வந்துடுச்சா?"

"எனக்கென்னய்யா பொறாமை. அந்த ஜாடியில—"

"ரோவீனா, உனக்குப் பயிர் வைக்கத் தெரியும். நல்லா வைப்ப, நான் இல்லேங்கல. வைக்கறது வேற, வச்சுக் காப்பாத்தறது வேற. அதுக்குத் தனி மூளை வேணும். ஒரு ஜாடியைக் கையில எடுத்தா திறந்து பாக்கணும்னு உனக்குக் கை அரிக்கும். அரிக்குமா அரிக்காதா?"

ரோவீனா என்னைப் பார்த்தார். நான் பீன்ஸைப் பார்த்தேன்.

"அரிக்கும்," என்றார் ரோவீனா.

"அதான்," என்றார் ஹாலிஸ். பழைய ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்தார். பேச்சு முடிந்தது.

திருவிழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தார்கள். சுட்ட சால்மன், பருப்பு ரொட்டி, கரும்பெர்ரிப் பணியாரம், யாரும் தொடாத ஒரு பச்சைக் கீரைக் கூழ். மேடைக்குக் கீழே நீள மேஜை. அதற்குப் பின்னால் வாண்டா உட்கார்ந்திருந்தார். மலையில் எல்லோர் வீட்டு மொட்டையும் கத்தரித்த கை அவருடையது. அந்த மூக்கை யாரும் ஏமாற்றியதில்லை. வாயும் அதே அளவுக்குக் கூர்மை.

முதலில் வந்த ஜாடியைத் திறந்தார்கள். வாண்டா முகர்ந்தார். "எலி செத்த பரண்," என்றார். கூடம் சிரித்தது. இரண்டாவது ஜாடியில் பழுப்புத் தூள்தான் இருந்தது. "இதுல பால் ஊத்திக் குடிங்கடா, டீத்தூள்." மூன்றாவதை ஒருவன் காய்ந்துபோகாமல் இருக்க ஆரஞ்சுத் தோல் போட்டு வைத்திருந்தான்; எங்கள் ஊர் முட்டாள்தனங்களில் தலையாயது அது. மூடியைத் திறந்ததும் முன்வரிசை பின்வரிசைக்குப் போய்விட்டது. "உள்ள உசுரோட ஏதோ இருக்கு, சமத்தா மூடி வீட்டுக்குக் கொண்டுபோ ராஜா," என்றார் வாண்டா. கொண்டுவந்தவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். பழசு கெடும், கெட்டதைப் பார்த்துச் சிரிக்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஹாலிஸ் சிரிக்க வரவில்லை. கடைசியாக எழுந்தார். தலையைச் சீவியிருந்தார். கறுப்புத் துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார்.

"இதுவரைக்கும் நீங்க பாத்தது வச்சுக்கத் தெரியாதவங்க வச்சது," என்று தொடங்கினார். இருட்டு, குளிர்ச்சி, கண்ணாடி. மூடின ஜாடி மூடினதுதான். வாண்டா கொட்டாவி விட்டார். ரோவீனா என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த காகிதத் தட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

மூடி 'பக்'கென்று திறந்தது.

எலுமிச்சைத் தோலும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை தும்மியது. ஹாலிஸ் அந்த வாசனையை முகர்ந்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. யாராவது கை தட்டுவார்கள் என்று காத்திருந்தார்.

வாண்டா ஒரு மொட்டை எடுத்தார். கிள்ளினார். இரண்டு தரம் முகர்ந்தார்.

"ஷிலோ, இங்க வா. இது உன் விதைதானே?"

ஷிலோ முகர்ந்துவிட்டுத் தர்மசங்கடமாக நின்றான். "என்னோடதுதான். ஆனா நான் ஆரெகான்லேருந்து கொண்டுவந்தே மூணு வருஷம்தானே ஆகுது வாண்டா?"

"ஆமா. இந்த மலையில அதை வச்சது ரெண்டே வீடு. போன அக்டோபர்ல இதே மொட்டை இந்தக் கையால கத்தரிச்சேன். உன் வீட்டு மேஜையில உக்காந்து, ஹாலிஸ். உன் பொண்டாட்டி போட்ட காபியைக் குடிச்சுக்கிட்டு."

"வாய்ப்பே இல்ல," என்றார் ஹாலிஸ். "இது எண்பத்திநாலு."

"எண்பத்திநாலுல இந்தச் செடிக்கு அப்பன் ஆத்தாளே பொறக்கலய்யா."

இப்போதும் சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவன், "நாப்பது வருஷமா எங்களுக்குப் பாடம் எடுத்தியே!" என்று கத்தினான். வாண்டா கையைத் தூக்கி அடக்கினார். அவருடைய குரல் தணிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"ஹாலிஸ், ஒண்ணு கேக்கறேன். ஹெலிகாப்டர் வருஷத்துல நாங்க எல்லாரும் உன்னை நம்பித்தானே குடுத்து வச்சோம்? அதையும் இப்படித்தான் மாத்தினியா?"

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ரோவீனா எழுந்துவிட்டார். "வாண்டா, அது—"

ஹாலிஸ் திரும்பி மனைவியைப் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு அந்தத் தூரத்தில் ரோவீனாவின் முகம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரை போதுமானதாக இருந்திருக்கிறது. தாடை ஒரு பக்கமாக இறங்கியது. மூடியை எடுத்து ஜாடி மேல் வைத்தார். திருகப் பார்த்தார், புரி சேரவில்லை.

"உக்காரு ரோவீனா," என்றார். அப்புறம் கூடத்தைப் பார்த்து, "நான்தான் மாத்தினேன். இந்த ஒரு ஜாடி. உங்களோடது எதையும் தொடல."

"ஏன்?" என்றார் வாண்டா.

"ஜெயிக்கணும்னு."

இதைக் கேட்டு யாரும் கல்லெறியவில்லை. எங்கள் மலை அப்படிப்பட்டதில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். ஆளாளுக்கு அவருக்கு முதுகைக் காட்டினார்கள். ஆரஞ்சுத் தோல் போட்டவனுக்குச் சிரிப்புப் பரிசு கொடுத்தார்கள்.

வண்டியில் மூன்று பேரும் முன் சீட்டில். ரோவீனா நடுவில். ஜாடி ஹாலிஸின் மடியில். செம்மரக் காட்டின் வளைவுகளை ஓட்டிக் கடந்தேன். எனக்குள் ஒரு மரியாதை எட்டிப் பார்த்தது; மனைவியைக் காப்பாற்றிவிட்டாரே, இந்த ஆள். ரோவீனாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், குரல் அப்படி நெகிழ்ந்திருந்தது.

"எனக்காகவா அப்படிச் சொன்ன?"

"உனக்காகவா?" ஹாலிஸுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "பின்ன என்னத்தைச் சொல்றது? என் பூட்டை என் பொண்டாட்டியே திறந்துட்டா, எனக்கே தெரியாதுன்னா? ஏமாத்துக்காரன்னு சொன்னாக்கூட ஒரு தெறமை இருக்குன்னு அர்த்தம். ஏமாந்தவன்னு சொன்னா?"

எட்டிப் பார்த்த மரியாதை திரும்பிப் போய்விட்டது. ரோவீனா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் ஹாலிஸ், "இது மட்டும்தானா?" என்றார்.

"எல்லாம்."

"எல்லாமுமா?"

"ஒவ்வொண்ணும்."

அவர் ஜாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எண்பத்திநாலு?"

"லைலுக்கு. அவன் போறதுக்கு முந்தின மாசம்."

ஹாலிஸ் வெளியே பார்த்தார். அழுகிறார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு இழுப்பு இழுத்தான். விடியற வரைக்கும் தூங்கினான். காலையில சூப் கேட்டான். எத்தனை நாளைக்கப்புறம் அவனா வாயைத் திறந்து—"

"லைலைக் கேக்கல. மொட்டு எப்படி இருந்துச்சு?"

ரோவீனா அவர் பக்கம் திரும்பினார்.

"பழுப்பு," என்றார். "வைக்கோல் நாத்தம்."

"நீ திறந்ததாலதான்," என்றார் ஹாலிஸ்.

அடுத்த திருப்பத்தில் நான் பிரேக்கைக் கொஞ்சம் பலமாகவே போட்டேன். அவருடைய நெற்றி கண்ணாடியில் இடித்தது. வருத்தம் தெரிவித்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஹாலிஸ் பெட்டகத்துக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார். சாவி கழுத்தில். பழைய ஜாடிகளையெல்லாம் கழுவி, இந்த வருஷத்து நல்ல மொட்டில் தன் பங்கை அடைத்து, புது நாடா ஒட்டியிருக்கிறார். யாரும் பார்க்கப் போவதில்லை. மலையில் அவருக்கு இப்போது 'போன அக்டோபர்' என்று பெயர். கடையில் முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

ரோவீனா தன் பங்கைச் சமையலறையில் பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருக்கிறார், உப்புக்கும் மிளகுக்கும் பக்கத்தில். வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். வாண்டா வாரத்தில் பாதி நாள் அங்கேதான். ஹாலிஸோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரோவீனாவோடு பேசி மாளுவதில்லை. நேற்று நானும் போயிருந்தேன். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஹாலிஸ் உள்ளே வந்தார். டப்பாவின் மூடி திறந்து கிடந்தது, ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுந்தது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"ரோவீனா, எத்தனை தடவை சொல்றது. மொட்டு மேல வெளிச்சம் பட்டா என்ன ஆகும்? முதல்ல நிறம் போகும். ரெண்டாவது—"

ரோவீனா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்து, ரொம்ப இதமாக, "வாண்டாகிட்ட சொல்லிடட்டுமா?" என்றார்.

"என்னத்தை?" என்றார் வாண்டா.

ஹாலிஸ் வாயை மூடிக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சரிவில் இறங்கிப் போனார்.